உங்களை அமைதியாக்கிய நாங்கள்

மாமி,

நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு குளிசை அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய தாய்க்கும் மறதி. "இதைக் குடுக்கத் தொடங்கினாப் பிறகு அம்மாவால ஒரு கரைச்சலும் இல்லை அக்கா. நல்ல அமைதி" என்றாள். வேறொரு டொக்டரிடமும் காட்டச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன். உங்களைப் பற்றியும் உங்கள் மகன், என் கணவர், அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முல்லைத்தீவுக் கரையில் நீங்கள் மீன் ஏலம் கூறினால் வள்ளத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரே உங்களோடு விலை பேசத் தயங்குவார்கள். இடம்பெயர்ந்து வவுனியாவில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் குரல் குறையவில்லை, நினைவுதான் குறைந்தது. விடியற்காலையில் எழும்பி, "வள்ளம் வந்திட்டுது" என்று றோட்டில் இறங்கிவிடுவீர்கள். ஒருநாள் சென்றிக் காவலில் நின்ற ஆமிக்காரன் உங்களைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து கேற்றில் விட்டான். சிரித்துக்கொண்டுதான் போனான். உங்கள் மகன் பயந்துபோனார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நாட்களில் யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் குளிசை தொடங்கி, கேற்றுக்கும் பூட்டுப் போட்டு, பயம் தீர்ந்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. அமைதி அவருக்குப் பிடித்துவிட்டது.

அவர் கூட்டிப்போன தனியார் டொக்டர் உங்கள் நாடியைக்கூடப் பார்க்கவில்லை. கதிரையில் சாய்ந்தபடி, "சத்தம் போடுறாவோ?" என்று மகனிடம் மட்டும் கேட்டார். ஓம் என்றதும் எழுதினார். இரண்டு கிழமை கழித்து, "இன்னும் கொஞ்சம் சத்தம் இருக்கு" என்று இவர் போய்ச் சொல்ல, அளவைக் கூட்டி எழுதினார். றேடியோவைக் குறைக்கிற மாதிரி இரண்டு படித்த மனிதர்கள் சேர்ந்து உங்களைக் குறைத்தார்கள்.

தலை தொங்க, வாயோரம் எச்சில் வடிய, கதிரையில் கிடந்தீர்கள். பார்க்க வந்த சொந்தக்காரர், "என்ன வடிவாப் பாக்கிறான் தாயை" என்று சொல்லித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது உங்களைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் மகன் ஒருநாளும் தன் கையால் குளிசை தரவில்லை. "நேரத்துக்குக் குடும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு வேலைக்குக் கந்தோருக்குப் போவார். நான்தான் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். மூன்று மாதம். வீட்டில் சத்தமில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அவர்கள்மேல் துப்ப நினைக்கும் எச்சிலில் பாதி என்மேல்தான் விழவேண்டும்.

ஒரு காலை, விழுங்கத் தெரியாமல் உங்களுக்குப் புரையேறிக் கண் செருகியது. அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. கோயிலில் பழக்கமான ஒரு பெண் சட்டத்தரணியிடம் ஓடினேன்.

"மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போட்டு, அவாவுக்கு ஒரு பாதுகாவலரை நியமிக்கச் சொல்லிக் கேக்கலாம்," என்றார் அவர். "ஆனா மாதக்கணக்கா இழுபடும். மகனையும் விசாரிப்பினம். பொலிசில முறைப்பாடு குடுத்தா, அவர் டொக்டரின்ர மருந்துத் துண்டைக் காட்டுவார். அதோட முடிஞ்சுது."

"அப்ப ஒண்டும் செய்ய ஏலாதோ?"

"முதல்ல அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. குளிசை எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ. அங்க டொக்டர் சொல்லுறதை எழுத்தில வாங்குங்கோ. அதுக்கு மகனிட்டக் கேக்கத் தேவையில்லை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

இவர் கந்தோரில் இருந்த நேரம் உங்களை ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் குளிசைகளை மேசையில் கொட்டிப் பார்த்தார். "ஆர் இதை எழுதினது? இவ்வளவும் குடுத்தா மாடும் எழும்பாது" என்றார். உங்களை வார்ட்டில் வைத்து, படிப்படியாகக் குறைத்தார்கள். கேட்டபடி கடிதமும் தந்தார்.

பின்னேரம் உங்கள் மகன் வார்ட் வாசலில் நின்று கத்தினார்: "பெத்த மகன் நான். என்னைக் கோட்டுக்கு இழுக்கப் போறீரோ?"

"ஓம்," என்றேன். "இழுக்கத்தான் போறன்."

சட்டத்தரணியின் கடிதம் கைக்கு வந்த அன்றே அவருடைய வீரம் அடங்கியது. தாயின் தொங்கிய தலை அசைக்காத மனிதரை ஒரு கடதாசி அசைத்தது. அந்தத் தனியார் டொக்டரோ, அப்படி ஒரு நோயாளியைத் தனக்கு ஞாபகமே இல்லை என்று சொல்லியனுப்பினார்! வழக்குவரை போகத் தேவையே வரவில்லை.

வார்ட்டில் ஐந்தாம் நாள் நீங்கள் கண்ணைத் திறந்து, "ஆரடி என்ர மீன் கடகத்தை எடுத்தது?" என்று அதட்டினீர்கள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் அழுதேன்.

அதன்பிறகு ஒரு வருடம் சத்தத்தோடு இருந்தீர்கள். என் பெயர் உங்களுக்குத் திரும்ப வரவேயில்லை. ஆனால் நான் சோற்றுக் கோப்பையோடு வந்தால் வாயை இறுக்கி மூடி, மேலே கையையும் வைத்துக்கொள்வீர்கள். மகன் ஊட்டினால் குழந்தைபோல் வாங்கிச் சாப்பிடுவீர்கள். அவருக்கு அதில் எவ்வளவு பெருமை! "அம்மா என்ர கையால மட்டும்தான் சாப்பிடுவா" என்று உங்கள் செத்தவீட்டிலும் சொல்லிச் சொல்லி அழுதார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த மூடிய வாயை இன்றைக்கும் சுமக்கிறேன். எல்லோரையும் மறந்த நீங்கள், அந்தச் சோறு ஊட்டிய கையை மட்டும் சரியாக அடையாளம் கண்டீர்கள், மாமி.