சக்கரம் இருந்தும் நகராத வீடு

அன்புள்ள நெஸ்டா, எப்படி இருக்கிறாய்? பிள்ளைகள் சுகமா? முழங்கால் வலி தேவலையா? உன் எம்லின் நலம். இந்தப் பள்ளத்தில் போன் சிக்னல் கிடைக்காததால்தான் கடிதம்.

நாம் குடியிருக்க வாங்கிய கேரவன், அதான் அந்தச் சக்கர வீடு, வந்துவிட்டது. நாற்பது அடி நீளம், சன்னலைத் திறந்தால் ஆப்பிள் தோட்டம். டிராக்டர்க்காரர் கிளைவ் அதை இழுத்து வந்து நிறுத்த ஒரு பகல் பிடித்தது. அவருடைய நாய் என் சாப்பாட்டையும் தின்றுவிட்டது. அது தனிக் கதை.

நேற்று இடத்துக்காரி பிராசர் அம்மா வந்தார். "ஜனவரி பொறந்தா எங்கப்பா போவ?"

"எங்க போறது? பொண்டாட்டி புள்ளைங்களே இங்க வராங்க."

"அடப்பாவி, கையெழுத்துப் போட்ட காகிதத்தப் படிக்கலியா? இது லீவுக்கு வந்து தங்குற எடம். ரெண்டு மாசம் தண்ணிய நிறுத்தி கேட்டப் பூட்டிருவேன். வேற வீடு இருக்குன்னு அத்தாட்சியும் காட்டணும்."

"அப்ப இழுத்துட்டுப் போயிடறேன்."

"எங்க? சுத்துவட்டாரத்துல எல்லா எடத்துலயும் இதே கதைதான். சக்கரம் சும்மா அழகுக்கு!"

நானும் சிரித்து வைத்தேன். நீ கவலைப்படாதே. கம்பளிக் காலுறை இரண்டு அனுப்பு. அந்த அம்மா கேட்கும் அத்தாட்சிக்கு நம் வாடகை வீட்டு மின்சார பில், என் பெயரில் இருப்பது, அதையும் அனுப்பு. வெள்ளிக்கிழமை அந்த வீட்டைக் காலி செய்வதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதைக் கொஞ்சம்...

இதோ, பிராசர் அம்மா வாசலில் கத்துகிறார்: "எம்லின்! தபால் வண்டி கெளம்புது, குடுக்கிறியா இல்லியா?"

நெஸ்டா, வீட்டுக்காரரிடம் சாவியை மட்டும்