சாம்பல் நோய்க்கு நான் சொன்ன இரண்டு கதைகள்

மக்கா,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பழைய வீடியோ கேம் கேசட் கையில் தட்டுப்பட்டது. பழக்கதோஷம், வாயருகே வைத்து ஊதினேன். மூக்கில் ஏறிய தூசி உன்னைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் வீடியோ கேம் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் ஆக்கும். இன்னும் இரண்டு பேர் இருந்ததாகச் சொல்வார்கள், அதெல்லாம் சேர்த்தியில்லை. குன்னத்துகாலில் என் டிவி ரிப்பேர் கடை திருவிழா மாதிரி நிறைந்து கிடக்கும். கேம் முழுக்க ஜப்பான் எழுத்து. ஒரு கோட்டை ஊரில் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாம்பல் நிறமாகி, வாசலில் நின்றபடியே உறைந்துபோவார்கள். இந்த நோய் எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. திரையில் விரலை ஓட்டி, “ராஜா தம்பியைக் கொன்ற பாவம். பாவிக்கு மட்டும்தான் இந்த நோய் பிடிக்கும்” என்று வாசித்தேன். கடையே வாய் பிளந்தது. பொழியூரிலிருந்து வந்திருந்த நீ மட்டும் பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்து போனாய்.

மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரி வந்தாள். “அண்ணா, இவருக்குக் காசநோயாம். ஆஸ்பத்திரியில தந்த குளிகைய ரெண்டு நாளா தொடல்ல. பாவத்துக்குக் குளிகை கேக்குமான்னு கேக்காரு.”

கேம் பெட்டியைக் கேரியரில் கட்டி சைக்கிளை மிதித்தேன். அன்றைக்கு எந்த பஸ்ஸும் என்னை முந்தவில்லை. உன் வீட்டு டிவியில் மாட்டி, “மக்கா, ஜப்பான்காரன் அடுத்த திரையிலதான் உண்மைய எழுதியிருக்கான். கோட்டைக் கிணத்துத் தண்ணிதான் கெட்டுப்போச்சு. யாருக்க பாவமும் இல்ல. பச்சைக் குப்பி மருந்தைக் கடைசி வரை குடிச்சா சாம்பல் போவும், பாதியில விட்டா திரும்ப வரும்” என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். “எலே, மலையாளப் பேப்பரையே நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்ப. ஜப்பான் எப்பம் படிச்ச?”

வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். “படிக்கல்ல மக்கா. ரெண்டும் புளுகாக்கும்.”

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. பிறகு “ரெண்டாவது புளுகு கொள்ளாம், நல்லாருக்கு” என்று சொல்லி, உள்ளே நின்ற வீட்டுக்காரியிடம் “அந்தக் குளிகைய எடு” என்றாய்.

ஒரு நாள் விடாமல் விழுங்கினாய். டாக்டர் போதும் என்ற வாரமே மறுபடி மீன்பிடிக்க வள்ளம் ஏறினாய். உன் மகள் கல்யாணத்தில் என்னைவிட அதிகம் ஆடினாய். அதை மட்டும் நான் வெளியே ஒத்துக்கொள்வதில்லை. போன மாதம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோகும்வரை அத்தனை வருஷமும் கடல் உன்னுடையதாக இருந்தது.

நான் இப்போதும் புளுகுகிறேன், பழையதைவிட நன்றாகவே. ஆனால் கதையில் யாருக்காவது நோய் வந்தால், மருந்து எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.