மகன் வாங்கிய நீளப் பலகை

கார்த்திகை, சனி இரவு

மகனுக்குப் பனிச்சறுக்குப் பலகை வாங்க இன்று லவால் நகரத்துக் கடைக்குப் போனோம். சாய்ந்து சாய்ந்து பனியை வெட்டித் திரும்புகிற வகையாம். கடையில் நின்ற பொடியன் சென்னைக்காரன், இங்கே படிக்கிறவன். நீளமான பலகை இறுகின பனியில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஆளின் நிறை போதாவிட்டால் திரும்பாமல் நேரே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று விளக்கினான்.

“உங்க வெயிட் எவ்வளவு அண்ணா?”

“எண்பத்தஞ்சு கிலோ.”

மகனுக்குப் போன வருசம் அந்த நிறை இருந்தது உண்மைதான்.

“பாத்தா அவ்ளோ தெரியலையே. இதுல ஏறுங்க.”

மெசின் எழுபத்தொன்று காட்டியது. அதுவும் குளிர்க்கோட்டோடும் சப்பாத்தோடும்.

“உங்கட மெசினுக்குத்தான் சாப்பாடு காணாது போல,” என்று மகன் சிரித்தான். பழுதாக இருக்கவேண்டும் என்று நினைத்து நானும் ஏறிப் பார்த்தேன். என் நிறையைச் சரியாகத்தான் காட்டியது.

இவனுடைய தாய்க்கும் இப்படித்தான் தொடங்கியது. பாத்திரம் கழுவும்போது காப்புக் கழன்று விழ, அவளும் சிரித்தாள். அடுத்த பனிக்கு அவள் இல்லை.

பொடியன் கட்டையான பலகையை எடுத்து வைத்தான். மகன் அதைத் தொடவும் இல்லை. எண்பத்தைந்து கிலோவுக்கு உரிய நீளத்தையே வாங்கினான்.

காரில் ஏறிய பிறகு வாய் திறந்தேன்.

“தம்பி, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டன்.”

“பனி முடியட்டும் அப்பா. பேந்து பாப்பம்.”

இங்கே பனி முடியச் சித்திரை ஆகும்.