இடது கை

ஜூலை 14, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துது. காலடிப்பேட்டைல பஸ் இல்ல, ஷேர் ஆட்டோ. சாக்பீஸ் வாங்க மறந்தாச்சு.

அஞ்சாம் வகுப்பு. இங்கிலீஷ்ல பிகாஸ், இஃப் முடிஞ்சுது, இன்னிக்கு ஆல்தோ, அதான் நம்ம 'இருந்தாலும்'. முதல்ல தமிழ்ல சொல்லுங்க, அப்புறம் இங்கிலீஷ்ல எழுதுங்கன்னேன். பாதிப் பேர் 'மழை பெஞ்சாலும் ஸ்கூலுக்கு வந்தேன்'. பொய். மழை பெஞ்சா ஒரு புள்ளையும் வராது.

பவித்ரா எழுந்தா. "எங்க நைனா மீன் புடிக்கிறாரு மிஸ். இருந்தாலும் எங்க வூட்ல மீனு வெலைக்குத்தான் வாங்குறோம்." ஆத்துல சாம்பல் தண்ணி கலந்ததுலேர்ந்து வலையில ஒண்ணுமில்லையாம். அதையே இங்கிலீஷ்ல ஒரு தப்பில்லாம எழுதினா. ஜூன்ல வாயே திறக்காத பொண்ணு! சார்ட்ல பெருசா எழுதி ஒட்டினேன், அவ பேரோட.

ஜூலை 15, செவ்வாய்
புழுக்கம். வேலை: கேஸ் புக் பண்ண, சாக்பீஸ், சார்ட் கழட்ட.

வெள்ளிக்கிழமை அனல்மின் கம்பெனிக்காரங்க வர்றாங்களாம். பெஞ்சு, ஃபேன் குடுத்தவங்க. சாம்பல் தண்ணியும் அவங்களோடதுதான். எச்.எம். சார்ட்டைப் பார்த்தாங்க. "கழட்டிடுங்க டீச்சர். குடுத்தவங்க முகத்துல கரி பூசலாமா?"

அவங்க ஆத்துக்கே பூசிட்டாங்களேன்னு வாய் வரைக்கும் வந்துது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. நானே கழட்டினேன், சுவத்துப் பெயிண்ட்டும் சேர்ந்து பிச்சுகினு வந்துது.

ஜூலை 17, வியாழன்
ஒத்திகை. எங்க ஸ்கூல் வழக்கம்: யாராவது பார்க்க வந்தா, எதைக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வலது கையா பார்த்து நான் எழுப்புவேன்.

பவித்ரா எல்லாத்துக்கும் இடது கைதான் தூக்கணும்னு எச்.எம். உத்தரவு. அவகிட்டப் போய்ச் சொன்னது நான். "எனுக்குத் தெரியுமே மிஸ்"னா. "நாளைக்கு மட்டும்தாம்மா"ன்னேன். த்தூ, இது ஒரு பொழப்பு.

ஜூலை 18, வெள்ளி
வந்தாங்க. சால்வை, போட்டோ, பிஸ்கட். போர்டைப் பார்த்துட்டு ஒருத்தர் ஆல்தோ வச்சு ஒரு வாக்கியம் கேட்டார். எல்லாக் கையும் மேல. பவித்ரா வலது கை. என்னையே பார்த்துகினு.

நான் பின் பெஞ்சு சரவணனை எழுப்பினேன். மழை பெஞ்சாலும் ஸ்கூலுக்கு வந்தானாம். கைதட்டல். கைதட்டி முடியிற வரைக்கும் அவ கை இறங்கல. சூப்பர் டீச்சர்னு எச்.எம். தோள்ல தட்டினாங்க.

வீட்ல குழம்பு அடிபிடிச்சுது. பாத்திரத்தைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். எச்.எம். மேல கோவம்தான். என் மேல அதைவிட.

ஜூலை 21, திங்கள்
மேகமூட்டம். சாக்பீஸ் வாங்கியாச்சு.

யாரும் வரல, சாதாரண வகுப்பு. ஆல்தோ யாருக்குத் தெரியும்னு கேட்டேன். பவித்ரா இடது கை தூக்கினா. அதெல்லாம் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதேம்மா, நீ சொல்லுன்னேன்.

"எனுக்குத் தெரியாது மிஸ்."