பெயருக்கும் நேரத்துக்கும் நடுவில் போட்ட கோடு

மார்ச் 3, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? தங்கை மகளுக்கு முதல் வேலை கிடைத்துவிட்டது. பல் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட். இது நன்றாக வந்தால் மற்ற நான்கு கிளைகளுக்கும் அவளே செய்யலாமாம். ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த பெண். “பெரிய டாக்டர் நம்ம ஆளும்மா, நான் ஒரு வார்த்தை போட்டு வச்சிருந்தேன்” என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வெள்ளைக் கோடு போட்டவனே நான்தான். டாக்டருக்கு என்னைத் தெரியாமல் இருக்குமா?

மார்ச் 6, வெள்ளி

பக்கத்தைக் காட்டினாள். டாக்டர் பெயர், அதன் கீழே அவர் வரும் நேரம், கொஞ்சம் காலி இடம், பிறகு அடுத்த டாக்டர். ஒரே வெள்ளை.

“கோடு எங்கம்மா?”

“இடைவெளியே போதும் மாமா. கண்ணு தானா பிரிச்சுக்கும்.”

முப்பத்தொரு வருஷம் கோடு போட்டவனிடம் இந்தப் பேச்சு! நான் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் விமானமே இறங்குகிறது என்றேன். (ஓடுபாதை இல்லை. விமான நிலையத்துக்கு வெளியே டாக்சி நிற்கும் இடம். அதுவும் விமான நிலையம்தானே?)

தங்கை சும்மா இருப்பாளா? “அண்ணா, நீ வண்டிக்குக் கோடு போட்டவன். எழுத்து என்ன குறுக்க வந்து மோதவா போகுது?”

எட்டாவதோடு நின்றவன் என்றால் எல்லாருக்கும் இளக்காரம்.

மார்ச் 9, திங்கள்

டாக்டர் போன் செய்தார். அரை மணி நேரம். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கே வந்தார். வரிக்கு வரி பட்டையாகக் கோடு வேண்டுமாம்.

அவளிடம் சொன்னேன்.

“அவரே சொன்னாரா மாமா?”

“பின்னே?”

பக்கத்தில் உட்கார்ந்து நானே இடம் காட்டினேன். எல்லாம் ஒரே தடிமன், ஒரே இடைவெளி. பெயர், கோடு, நேரம், கோடு, பெயர், கோடு. என்ன அழகு!

மார்ச் 10, செவ்வாய்

பக்கம் வெளியாகிவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மார்ச் 13, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

எந்த நேரம் எந்த டாக்டருக்கு என்றே தெரியவில்லையாம். மேலே இருக்கும் பெயருக்கா, கீழே இருக்கும் பெயருக்கா? கன்னம் வீங்கிய லாரி டிரைவர் ஒருவர், மாலையில் வரும் டாக்டருக்காகக் காலை எட்டு மணிக்கே வந்து, பூட்டிய அறை முன்னால் கன்னத்தைப் பிடித்தபடி மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறார். அவரைப் போல இன்னும் ஐந்து பேர்.

ஆஸ்பத்திரி மேனேஜர் இவளைக் கூப்பிட்டு, “யாரும்மா உன்னை இப்படிப் போடச் சொன்னது?” என்று கேட்டிருக்கிறார். இவள், “நானாத்தான் சார் போட்டேன்” என்றாளாம்.

வேலை போய்விட்டது.

“ஏம்மா அப்படிச் சொன்னே?”

“பெரிய டாக்டரை அத்தனை பேர் முன்னாடி எப்படி மாமா காட்டிக்கொடுக்கிறது? அதுவும் உங்க சிநேகிதரை.”

கோடுதானே போடச் சொன்னேன்? குண்டா வைக்கச் சொன்னேன்? ஐயோ...

மார்ச் 16, திங்கள்

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில்தான் கோடு போடுவோம். ஒரே வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் எவனாவது போடுவானா? நான் போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம்!

மார்ச் 17, செவ்வாய்

அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.

மார்ச் 19, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் இருபத்தேழு. உள்ளே போனதும் பெரிய டாக்டர் நாற்காலியைக் காட்டி, “எந்தப் பல்லு பெரியவரே?” என்றார்.

“பல்லு இல்ல சார். வெப்சைட்டுக்குக் கோடு போடச் சொன்னது நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

“நீங்க யாரு?”

சொன்னேன். வாசலில் கோடு போட்டதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். “அந்தப் பொண்ணு தானாப் போட்டதாத்தானே மேனேஜர் சொன்னாரு? முதல்லயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இப்ப வேற ஆளுக்குக் கொடுத்தாச்சே.” அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். “எங்க மாமா போயிட்டீங்க, இந்த முழங்காலை வச்சுக்கிட்டு? ... என்னால உங்க சிநேகிதருக்கு உங்க மேல ஏதாவது கோபமா?”

சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்றேன். வாய் அப்போதும் பொய்யைத்தான் சொல்கிறது.

நாளைக் காலையில் இந்த நோட்டை அவளிடம் வாசித்துக் காட்டப்போகிறேன். வாய் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்: ஒன்பதாம் தேதி எனக்குப் போனே வரவில்லை.