அம்புக்கல்லின் உயரம்

12-8-1974, திங்கள்

காலையில் தூறல். பிறகு நல்ல வெயில்.

இந்த நோட்டு சரோஜா கொடுத்தது. காலேஜில் லெவல் எடுக்க, அதாவது நிலத்தின் மேடுபள்ளம் அளக்க, பழகிய நோட்டு, பாதி எழுதாமல் கிடந்தது. சிவப்புக் கோடு போட்டுப் பத்தி பத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். நான் கோட்டைத் தாண்டித்தான் எழுதுகிறேன். ஒரு வரி எழுத ஒரு பீடி நேரம்.

முதியோர் பள்ளிக்குப் போய்ப் பத்து மாதம். வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் அளவுகோல் பிடித்தவன். கோலில் இருக்கிற எண் எல்லாம் அப்போதே தெரியும். எழுத்துதான் தெரியாது. இப்போது அதுவும் வந்துவிட்டது.

இன்று நானே படித்தவை:
கடத்தூர் பஸ் பலகை.
தீப்பெட்டி.
ரேஷன் கார்டில் என் பேர். ஒரு எழுத்து விட்டிருக்கிறார்கள். மனைவி கண்ணம்மாவிடம் காட்டினேன். இருக்கற எழுத்துக்கே அரிசி ஒழுங்கா வரலை என்றாள்.

சரோஜா என் மகள், பி.ஈ. படித்தவள். கடத்தூர் ஆபீசில் ஜூனியர் இன்ஜினியர். அந்த ஆபீசில் பெண் இன்ஜினியர் அவள் ஒருத்திதான். சரோஜா என்று முழுதாக எழுத ரொம்ப நேரம் ஆகிறது. இனி ச. என்றே எழுதப்போகிறேன்.

சொல்ல விட்டது. வெள்ளிக்கிழமை புது வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். ஏரி மதகிலிருந்து கீழக்காடு வரைக்கும். ச. அளந்து, ச. நின்று வெட்ட வைத்தது. தண்ணீர் பாதி தூரம், பாலம் வரைக்கும் வந்து நின்றுவிட்டதாம். புது மண், குடித்துவிட்டுப் போகும்.

14-8, புதன்

வெயில். மண் குடிக்கவில்லை. தண்ணீர் பாலத்தடியில் குட்டை மாதிரி நிற்கிறது. அப்புறம் மேடு.

டீக்கடையில் ஒருவன் சொன்னது: "பொம்பள பாத்த லெவலுங்க. தண்ணி வெக்கப்பட்டு நின்னுபோச்சு." எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் கிளாசைப் பார்த்தார்கள்.

ச. சாப்பிடவில்லை. ஆபீசிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் எடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக. 'கவனக்குறைவு' படிக்க மூன்று தடவை. 'ஏழு தினங்களுக்குள்' சுலபம். கடைசியில் 'களப்பணியிலிருந்து ஏன் விடுவிக்கக்கூடாது'. அச்சடித்த முழுத் தாளை யார் துணையும் இல்லாமல் படித்தது இதுதான் முதல். சந்தோஷத்தில் கண்ணம்மாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்தேன். வாசித்து முடித்தபின்தான் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே விளங்கியது.

கண்ணம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

15-8, வியாழன்

சுதந்திர தினம், லீவு. பள்ளிக்கூடத்தில் மிட்டாய். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், நானும் மாணவன்தான் என்று.

ச. நாள் முழுக்கக் கணக்கைச் சரிபார்த்தாள். மூன்று முறை. மேல் பாதி வாய்க்காலை மதகில் இருக்கிற உயரக் குறியிலிருந்து அளந்தாள். கீழ்ப் பாதியைக் கீழக்காட்டில் ஆபீஸ் உயரம் குறித்த அம்புக்கல்லிலிருந்து. இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்க்க ஒருநாள் கேட்டிருக்கிறாள். ரிஜிஸ்டரில் கல்லின் உயரம் இருக்கும்போது எதற்கு, மழைக்கு முன்னால் வேலை முடியட்டும் என்றாராம் மேல் ஆபீசர். வாயால் சொன்னது. தாளில் இல்லை.

"கணக்கு சரியா இருக்குதுப்பா. கல்லு சரியா இருந்தா வாய்க்காலு ஓடணும்."

நான் பாதி மிட்டாயைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

16-8, வெள்ளி

மேகம். மழை இல்லை. கை வலிக்கிறது. ஆனாலும் இதை எழுதியாக வேண்டும்.

அம்புக்கல் கீழக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே குழி தோண்டி நட்ட கல். மேலே உயரக் குறி, பக்கத்தில் அம்பு செதுக்கியிருக்கும். அந்த அம்பைப் பார்த்து ஜனங்கள் முதலில் சூடம் காட்டினார்கள். பிறகு முனியப்பன் என்றார்கள். ஆபீசிலிருந்து வருஷக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சர்க்கார் கைவிட்ட கல், சாமியாகவாவது இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் ஆடியில் கல்லைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கியது. பூசாரி முனுசாமி வந்து கேட்டார். நாங்கள் ஆறு பேர். கடப்பாரை போட்டு நெம்பி, கீழே மேடை கட்டி, மேலே தூக்கி வைத்தோம். குண்டுநூல் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தது நான்தான். அரை நாள் பார்த்தேன். ஒரு நூல் சாயவில்லை. எல்லோரும் மெச்சினார்கள்.

உயரத்தை யார் நினைத்தார்கள். முப்பது வருஷம் கோல் பிடித்தவன், நான் நினைக்கவில்லை.

ச. அப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்குத் தெரியாது. போன வருஷம் அவள் கோல் வைத்தபோது மேடை வெள்ளையடித்துப் பழசாகிவிட்டது.

17-8, சனி

சொல்லிவிட்டேன். களத்தில் ச. ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எவ்வளவு உசரம்ப்பா?"

"ஒரு சாண். கொஞ்சம் மேல."

உள்ளே போய் நோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பாலத்துக்கு அப்பால் வாய்க்கால் எவ்வளவு மேடாக இருக்கிறதோ அதே அளவு. கல் ஒரு சாண் ஏறினால் அதை நம்பி வெட்டியதும் ஒரு சாண் ஏறும் என்றாள். திட்டுவாள் என்று நின்றிருந்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திட்டியது கண்ணம்மா. "ஊருக்கெல்லாம் லெவல் புடிச்ச மனுசன், பெத்த புள்ளைக்குக் குழி தோண்டாம மேடு கட்டி வெச்சிருக்காரு."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ராகி புடைத்தார்கள்.

19-8, திங்கள்

நேற்று முழுக்க எழுதிய தாளை எடுத்துக்கொண்டு தர்மபுரி ஜில்லா ஆபீசுக்குப் போனேன். ஒன்றரைப் பக்கம், என் கையெழுத்து. கல்லைத் தூக்கியவன் நான், மகள் பேரில் குற்றமில்லை என்று. கீழே என் பேர். எழுத்து விடாமல்.

கிளார்க் பழைய கட்டைத் தேடி என் சர்வீஸ் புக்கை எடுத்தார். புரட்டினார். சிரிக்கவில்லை, நல்ல பையன். "பெரியவரே, இதுல எல்லா எடத்துலயும் கைநாட்டுதாங்க இருக்குது. இந்தக் கையெழுத்து உங்களுதுன்னு நாங்க எப்பிடிங்க எடுத்துக்கறது?" மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

பத்து மாதம் சிலேட்டுக்கட்டியோடு உட்கார்ந்தது இந்த மைப்பெட்டியைத் தொடாமல் இருக்கத்தான். மகளுக்காக வைத்தேன். கட்டைவிரல் மறக்கவில்லை.

உள்ளே பெரிய ஆபீசர் மரியாதையாக உட்காரச் சொன்னார். படித்தார். "மகளுக்காகச் சொல்றீங்க. நான் தப்புன்னு சொல்லலை. எந்த அப்பனும் சொல்லுவான்." தாளை மடித்து ஓரமாக வைத்தார். ஃபைலில் அல்ல. ஓரமாக.

திரும்பும்போது பஸ்ஸில் பலகை எதுவும் படிக்கவில்லை.

20-8, செவ்வாய்

இன்ஜினியர்கள் சங்கம் ஒன்று ஜில்லாவில் இருக்கிறது. ச. நேற்று அதன் செயலாளரைப் பார்த்திருக்கிறாள். மெம்பராக இல்லாதவருக்குச் சங்கம் எப்படிப் பேசும் என்றாராம். இரண்டு வருஷம் முன்பு சேர வந்தபோது, சாயங்காலம் கிளப்பில் கூடுகிறோம், லேடீஸ் அங்கே வந்து என்ன பண்ணுவீர்கள் என்று அனுப்பியதும் அவர்தான். அதை ஞாபகப்படுத்தினாயா என்றேன். அவருக்கே ஞாபகம் இருந்ததாம், அதனால் காபி வாங்கிக் கொடுத்தாராம்.

பெட்டியைக் குடைந்து இரண்டு கடிதம் எடுத்தாள். மெட்ராஸில் பெண் இன்ஜினியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சேலத்திலும் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். வரச் சொல்லி இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். இவள் பதில் போடவில்லை.

"டீ குடிச்சிட்டுப் பேசிட்டுப் போற கூட்டம்னு நெனச்சேம்பா. எனக்கு வேலை இருக்குதேன்னு விட்டுட்டேன்."

இன்று சேலத்துக்குப் பதில் எழுதினாள். நாலு பக்கம். நான் தபால்பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

நாளை ஆபீஸ் தாளுக்குப் பதில் கொடுக்கக் கடைசி நாள். கல்லை மறுபடி அளக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

25-8, ஞாயிறு

நல்ல வெயில், கானல் ஆடி லெவல் எடுக்க ஆகாத வெயில். ஆனாலும் சேலத்துக்காரர்களுக்கு ஞாயிறுதான் லீவு.

சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் இரண்டு பேர். மூத்தவர் லீலா அம்மா, மின்சார இலாகாவில் இருக்கிறார், நாற்பது வயது இருக்கும். மற்றது சின்னப் பெண், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறது. லெவல் கருவி பாலிடெக்னிக்கில் கேட்டு வாங்கியது. பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் பிடித்து வந்தார்களாம். கண்ணம்மா வைத்த களியைக் குழம்பில் தொட்டு, அப்படியே விழுங்கினார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். அவளுக்கு அதிலேயே பாதி மனசு ஆறிவிட்டது.

லீலா அம்மா ச.விடம் சொன்னது: "நீ தப்புப் பண்ணலைன்னு நீ சொன்னா அது சாக்கு. ரெண்டு இன்ஜினியர் அளந்து, சங்கத்துத் தாள்ல எழுதி, மெட்ராஸ் தலைமை ஆபீசுக்கு ஒரு காப்பி போட்டா, அவங்க பதில் சொல்லணும்." அவருக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மதகிலிருந்து அளந்துகொண்டே கீழக்காடு வரை வந்தோம். கோல் பிடித்தது நான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு. கை தானாக நேர் பிடித்தது.

அம்புக்கல்லில் பூசாரி முனுசாமி குறுக்கே உட்கார்ந்துவிட்டார். சாமி தலையில் கோல் வைக்க விடமாட்டேன் என்றார். அது பேச்சுக்கு. உண்மையான பயம் வேறு.

"ஏத்துனவன் நீ. நாளைக்குச் சர்க்காரு எறக்குன்னா, ஊருக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவர் சொல்வதும் சரி. மகளைப் பார்த்தேன், சாமியைப் பார்த்தேன். இரண்டும் நான் நட்டது.

லீலா அம்மாதான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "சாமி இருக்கற எடத்துலயே இருக்கட்டுங்க. ரிஜிஸ்டர்ல நம்பரைத்தான் மாத்தப்போறோம்."

பூசாரி தோள் துண்டை எடுத்து உதறினார். "அப்ப சர்க்காரு புஸ்தகத்துலயே எங்க சாமி ஒசந்துருவாரு."

"ஆமாங்க."

துண்டை நாலாக மடித்துச் சாமி தலையில் விரித்தார். துண்டின் தடிமன் கணக்கில் வரும் என்று சின்னப் பெண் சொல்ல, பூசாரியே எடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல் ஏறியிருந்தது ஒரு சாணும் இரண்டு விரலும்.

3-9, செவ்வாய்

மெட்ராஸ் காப்பி வேலை செய்தது. இன்று ஆபீசே ஜீப்பில் வந்து அளந்தார்கள். அதே ஒரு சாண், இரண்டு விரல். என்னைக் கோல் பிடிக்க விடவில்லை. தூரத்தில் நின்றேன். பிடித்தவன் கோலை முன்னே சாய்த்துப் பிடித்தான். சொல்லலாமா என்று பார்த்தேன். ச. வாயில் விரல் வைத்தாள்.

14-9, சனி

தபால். ஆபீஸ் உறை. ச. வெளியே போயிருந்தாள். அவள் வரும்வரை வைத்திருந்தேன். பிரித்து என்னிடமே கொடுத்தாள், "நீங்க படிங்கப்பா" என்று.

படித்தேன். அளவில் பிழை கல்லால் வந்தது, இன்ஜினியரால் அல்ல. மூச்சு வந்தது. அடுத்த பாரா: நிர்வாக நலன் கருதி தர்மபுரி வரைபடப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். திங்கள் முதல். கீழ்ப் பாதியை வெட்டித் திருத்தும் வேலை வேறு ஒரு இன்ஜினியருக்கு.

இன்னொரு தடவை படித்தேன். மாறவில்லை.

"குத்தம் இல்லைன்னும் சொல்றான், போன்னும் சொல்றானே" என்றாள் கண்ணம்மா. கல்லைத் தூக்கியவனுக்குத் தண்டனை எதுவும் எழுதவில்லை. தாள் முழுக்கத் தேடினேன். என் பேரே இல்லை.

ச. அழவில்லை. லீலா அம்மாவுக்கு எழுதினாள். சங்கத்தின் ஃபாரத்தையும் நிரப்பினாள். ஜில்லாவில் வேறு பெண் இன்ஜினியர்கள் வந்தால் முதல் கடிதம் தானே போடுவதாக அதில் எழுதியிருக்கிறாள். நான் தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது.

20-10, ஞாயிறு

காலையில் வெயில். மத்தியானம் கருமேகம்.

வாய்க்காலை ஒரு சாண் இறக்கி வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கீழக்காடு வரைக்கும் ஓடுகிறது. டீக்கடையில் புது இன்ஜினியர் பேரைச் சொல்கிறார்கள், கெட்டிக்காரன் என்று. வெட்டுவதற்கான படம் தர்மபுரியில் ச. போட்டது. படத்தை யார் பார்க்கிறார்கள்.

பூசாரி கூப்பிட்டனுப்பினார். ரிஜிஸ்டரில் ஏறிய புது நம்பரை மேடையில் எழுத வேண்டுமாம். சிவப்புப் பெயிண்ட் அரை டப்பா வைத்திருந்தார். நம்பரை எழுதினேன். எண்ணில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. அளந்தது யாருன்னும் போடு, நாளைக்கு யாராச்சும் மாத்திச் சொல்லக்கூடாது என்றார் பூசாரி.

அளந்தது என்று எழுதினேன். அடுத்து லீலா அம்மா பேர், அந்தச் சின்னப் பெண் பேர். பிறகு ச. இங்கே ச. போதாது. முழுதாக எழுதினேன். சரோஜா, பி.ஈ. முழங்கால் வலிக்க ஒரு மணி நேரம்.

முடிக்கும்போது மழை. பெயிண்ட் காயவில்லை. குடையைக் கல்லுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்து நாலு வரி, குடை சின்னது. நம்பரை மூடினால் பேர் நனைகிறது. பேருக்கு நகர்த்தினேன்.