எடுத்துவிட்ட நாலு பக்கம்

ஜூலை 9, புதன்

காலையிலேயே வெயில். காவிரிப் பாலத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. காற்று உண்டு, ஆனால் அனல்.

இன்றைய வேலை:
1. பேராசிரியரின் கட்டுரைத் தொகுப்பு, இரண்டாம் புரூஃப்.
2. சமையல் புத்தகத்துக்குப் பின்னட்டைக் குறிப்பு.
3. தங்கராசு ஐயாவுக்குப் போன்.

முதலாவது முடிந்தது. இரண்டாவது பாதி. மூன்றாவது செய்யவில்லை. ஒரு மாதமாகவே பட்டியலின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது.

எனக்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம். தங்கராசு ஐயா திருவெறும்பூர்க்காரர். தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டர். ஓய்வு பெற்றபின் அந்த அனுபவங்களை எழுதிக்கொண்டு வந்தார். எடிட்டர் நான். பக்கம் கட்டிப் பார்த்ததில் 164 வந்தது. பதினாறு பக்கம் ஒரு பாரம். பத்து பாரம் என்றால் 160. "நாலு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போக வேணாம், எங்கயாவது கொறைங்க" என்றார் முதலாளி ரா. சார். அத்தியாயம் 12 சரியாக நாலு பக்கம். தூக்கிவிட்டேன்.

அத். 12, மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோன அவர் மகள் கலைவாணியைப் பற்றியது. புத்தகம் முழுக்க பாய்லர், ஷிஃப்ட், யூனியன், கேன்டீன். நடுவில் திடீரென்று ஒரு குழந்தை. "ஓட்டம் தடைபடுகிறது" என்று ஓரத்தில் குறித்தேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் புத்தகம் தானாகவே 160இல் முடிந்திருந்தால் அப்படிக் குறித்திருப்பேனா?

அவரிடம் கேட்கவில்லை. புரூஃப் பார்க்கும்போது அவரே கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, ஒரு திருத்தம்கூட இல்லை. மனிதர் படிக்கவே இல்லை. அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி நான்.

ஞாயிறு வெளியீடு.

ஜூலை 10, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் நீலம் கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாக இருக்கிறது. வழக்கமாக முதல் பிரதியைப் பிரித்து முகர்ந்து பார்ப்பேன். இன்று தொடப் பிடிக்கவில்லை.

ரா. சாரிடம் சொன்னேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தர் கையெழுத்து இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? நீங்களா வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. ரெண்டாம் பதிப்புல சேத்துக்கலாம்."

இரண்டாம் பதிப்பாம்! எங்களிடம் இரண்டாம் பதிப்பு கண்டது ராசிபலன் புத்தகம் ஒன்றுதான்.

நாலு மணிக்கு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி பாக்கியம். ஐயா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாராம்.

"மேடமுங்களா? ஞாயித்துக்கெழம நானும் வரேங்க. புதுப் பொடவை எடுத்து வச்சிருக்கேன். எங்க பாப்பாவ பத்தியும் புஸ்தகத்துல எழுதியிருக்காருல்ல, அதாங்க."

"ஆமாங்கம்மா" என்றேன். சொன்னேன், என் வாயால் சொன்னேன்.



ஜூலை 11, வெள்ளி

வேலை ஓடவில்லை. பேராசிரியரின் ஒரே பத்தியை நாலு தடவை படித்தேன்.

பழைய ஃபைலைத் திறந்து அத். 12ஐ மறுபடி படித்தேன். வெட்டுகிற எண்ணமில்லாமல் படித்தது இதுதான் முதல் தடவை. குழந்தை இறந்த அன்று அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட். தகவல் வந்தபோது ஒரு வெல்டிங் பாதியில் இருந்தது. முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். "பாதியில் விட்டால் விரிசல் விழும். அந்த முக்கால் மணி நேரம் எங்கே இருந்தாய் என்று பாக்கியம் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை."

இதைத்தான் ஓட்டம் தடைபடுகிறது என்றேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த நாலு பக்கத்தைத் தனித்தாளாக அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டலாம். அச்சகத்தில் கேட்டேன். நாளை மதியத்துக்குள் சொன்னால் ஞாயிறு காலை கைக்குக் கிடைக்குமாம். ஆனால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் நேரில்.

எப்படி ஆரம்பிப்பது?
— "ஐயா, ஒரு சின்ன விஷயம்." சின்ன விஷயமா?
— "பக்க அளவு காரணமா..." சீ.
— மன்னிப்பை முதலில் கேட்டுவிடுவது.

ஜூலை 12, சனி

வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுத் திருவெறும்பூர் போய் வந்தேன். பஸ் ஸ்டாப்புக்கே வந்து நின்றிருந்தார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பாத்தேன் மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"புரூஃப் வந்த அன்னிக்கே பாத்துட்டேன். பதினொண்ணு முடிஞ்சதும் வேற வருதேன்னு ரெண்டு தடவ பெரட்டினேன்."

"ஏங்கய்யா ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்க எத்தன புஸ்தகம் பாத்தவங்க. எடுத்திருக்கீங்கன்னா நல்லா இல்லன்னுதானே அர்த்தம்? எனக்கு வெல்டிங் தெரியும். எழுத்தப் பத்தி என்னத்தக் கண்டேன்."

ஒட்டுத்தாள் யோசனையைச் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேணாங்க. ஃபோர்மேன் பேருகூட புஸ்தகத்துக்கு உள்ள இருக்கு. அவ பேர மட்டும் தனியா ஒட்ட வேணாம்."

வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். இல்லையாம். அந்தம்மாவுக்குக் கண்ணில் புரை, எழுத்துத் தெரியாது, யாராவது படித்துக்காட்டினால்தான் உண்டு. "நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன். நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று என்னைத் தேற்றினார். டீக்கும் அவரே கொடுத்தார்.

திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா மடியில் வைத்திருந்த துளசி மாலையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "எறங்குறீங்களா?" என்றார்.

அச்சகத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

விழா. அறுபது நாற்காலி போட்டோம், முக்கால்வாசி நிரம்பியது. பெரும்பாலும் அவருடைய பழைய ஷிஃப்ட்காரர்கள். மைக் இரண்டு தடவை கத்தியது. வெளியிட்டவர் நாற்பது நிமிடம் பேசினார். புத்தகத்தைப் பிரித்திருக்கவில்லை என்பது மூன்றாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. தங்கராசு ஐயா பேசியது மூன்றே நிமிடம். அதில் என் பெயரைச் சொல்லி நன்றி. எல்லோரும் கை தட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பாக்கியம் அம்மா என்னைத் தேடி வந்தார். மாம்பழ மஞ்சளில் புதுப் புடவை. கையில் புத்தகம், இன்னொரு கையில் மடித்த பஸ் டிக்கெட்.

"மேடம், எங்க பாப்பா எந்தப் பக்கத்துல இருக்கா? இத அங்க வச்சுக் குடுங்க. வீட்டுக்குப் போயி பக்கத்து வீட்டுப் புள்ளைய விட்டுப் படிக்கச் சொல்லிக்கறேன்."

அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா கையில் அப்படியே நின்றது.

ஏதாவது ஒரு பக்கத்தில் வைத்துக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். புத்தகத்தைப் பிரிக்கக்கூடச் செய்தேன்.

"இல்லீங்கம்மா. ஐயா எழுதியிருந்தாரு. நான்தான் எடுத்துட்டேன்."

"ஏங்க, அவரு நல்லா எழுதலையா?"

"ரொம்ப நல்லா எழுதியிருந்தாரும்மா. எடம் பத்தல."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மூணு வயசுப் புள்ளைங்க அவ. அவளுக்கு எவ்வளவு எடம் வேணும்?"